பகிர்ந்த கோப்புறை

றொபின்சன் கத்தத் தொடங்கினால் பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாலு கடை தள்ளி மரக்கறி நிறுப்பவருக்கும் கேட்கும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டது. அச்சகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன்பே அனுஜாவின் காதில் விழுந்தது அவளுடைய பெயர்தான். நாலு வருடமாக அந்த மனிதர் அவளுடைய பெயரை நல்லதுக்கு எடுத்ததில்லை, ஆகவே அதில் புதினம் ஒன்றும் இல்லை. குரல் நடுங்கியதுதான் புதினம்.

"வந்திட்டாவோ மகாராணி? வா, வந்து பார். உன்ரை பெட்டி என்ரை கடையைத் திண்டு முடிச்சிட்டுது."

திரையில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து. உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் பணம் அனுப்புங்கள், எழுபத்திரண்டு மணி நேரம் தருகிறோம். கீழே ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. அனுஜா முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல், வேலைகள் வைக்கும் பிரிவைத் திறந்தாள். பதினோரு வருடத்துக் கலியாண அட்டைகள், சாமத்திய வீட்டு அட்டைகள், மரண அறிவித்தல்கள், எல்லாக் கோப்பின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத ஒரே வால் முளைத்திருந்தது. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. அதே பிரிவுக்குள் 'பாதுகாப்பு' என்று பெயர் போட்டு றொபின்சன் ஒரு பிரதி வைத்திருந்தார். வீட்டுச் சாவியையும் அதன் மாற்றுச் சாவியையும் ஒரே கொளுக்கியில் மாட்டி வைக்கிற மனிதர் அவர். அந்தப் பிரதிக்கும் வால் முளைத்திருந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சனிக்கிழமை அலெக்சிஸ் அண்ணைக்கு முப்பத்தொண்டு. நாளைக்குக் காலமை மலர் மெசினுக்குப் போகவேணும். எங்கை மலர்?"

செத்துப்போன அலெக்சிஸின் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொடுக்கவேண்டிய நினைவு மலர் அந்த வால்களுக்குள் எங்கேயோ கிடந்தது.

பெட்டிக் கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் றொபின்சன் பக்கமும் ஏதோ நியாயம் இருக்கிறது என்று யாராவது நினைத்துவிடுவார்கள். அச்சகத்தின் தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் இருபது வருடத்துக்கு முந்திய ஒரு மென்பொருளில் செய்யப்பட்டவை. அதைச் செய்த ஆட்கள் எப்போதோ கடையைப் பூட்டிவிட்டார்கள். பழைய விண்டோஸில் மட்டும்தான் அது ஓடும்; புதியதில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மூன்று வருடத்துக்கு முன் பழைய கணினி புகை கக்கிச் செத்தபோது றொபின்சன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் கணினி படித்துவிட்டு இங்கே கார்ட் வெட்டிக்கொண்டிருந்த அனுஜாதான், புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உண்டாக்கி, பழைய விண்டோஸை அதற்குள் குடியமர்த்தினாள். கணினிக்குள் இன்னொரு கணினி. வெளியே உள்ளது வீட்டுக்காரர் என்றால் உள்ளே உள்ளது விருந்தாளி.

ஆனால் இந்த விருந்தாளி நம்பக்கூடிய ஆள் இல்லை. பழைய விண்டோஸுக்குத் திருத்தங்கள் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. எந்தக் கிருமி வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே விட்டுவிடும். அதனால் அனுஜா அதைச் சுற்றிச் சுவர் கட்டினாள். அதற்கு இணையம் கிடையாது. வீட்டுக்காரரின் கோப்புறை எதுவும் அதன் கண்ணில் படக்கூடாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் யூஎஸ்பியை அதில் செருகக்கூடாது. அதில் உள்ள படங்களை வெளியே பரிசோதித்து, எழுத முடியாத வட்டாக மாற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். முடிந்த பக்கம் ஒரு சின்ன வெற்று வட்டில் வெளியே வரும், அதுவும் விருந்தாளியை அணைத்த பிறகு. வேலை தொடங்குமுன் விருந்தாளி இருக்கிற நிலையை அப்படியே ஒரு பிரதி பிடித்து வைப்பாள். உள்ளே ஏதாவது கெட்டுப்போனால் இரண்டு நிமிடத்தில் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். இதையெல்லாம் ஒரு தாளில் அடித்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருந்தாள். றொபின்சன் அதன்மேல் மாதா படம் போட்ட கலண்டரை மாட்டிவிட்டார்.

அவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் ஆகாது. ஒரு பக்கம் உள்ளே போய் வெளியே வரப் பத்து நிமிடம். "கொம்பியூட்டரை மறியல் வீட்டுக்கை போட்டு வைச்சிருக்கிறாள்" என்று வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அனுஜா பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள்.

இப்போது அவள் மெய்நிகர் கணினியின் அமைப்புகளைத் திறந்தாள். இணையம் இணைக்கப்பட்டிருந்தது. பகிர்ந்த கோப்புறை என்ற இடத்தில், வேலைகள் இருந்த முழுப் பிரிவும், எழுதும் அனுமதியோடு, விருந்தாளிக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. பதிவேட்டில் நேரமும் இருந்தது. புதன்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இணையம். நாற்பத்துநாலுக்குக் கோப்புறை. ஐம்பத்தொன்றுக்கு ஒரு யூஎஸ்பி.

"அண்ணை, நேற்று ஆர் இதைத் திறந்துவிட்டது?"

"எதை?"

"இந்த ஃபோல்டரை. முழு டிஸ்க்கையும் உள்ளுக்கை காட்டிவிட்டிருக்கு. இன்ரநெற்றும் குடுத்திருக்கு. பேந்து யூஎஸ்பியையும் நேரை செருகியிருக்கு."

"எனக்கு உதொண்டும் தெரியாது. பெட்டியைக் கட்டினது நீ. பெட்டி பிழைச்சால் பிழையும் உன்ரைதான்."

"நேற்றுப் பதினொண்டரைக்கு எனக்கு வதிவிட அட்டை விசயமாப் பிரிபெக்சர் கந்தோரிலை ரான்தேவு. நான் அங்கை வரிசையிலை நிண்டனான். கடுதாசி இருக்கு, நேரம் போட்டு."

"பெட்டி எழுதினதையும் பிரிபெக்சர் எழுதினதையும் நீயே வைச்சுப் படி. நான் சனத்துக்கு என்ன சொல்லுறது?"

கடையின் மறு மூலையில், சின்ன மேசை ஒன்றில், மதாம் மர்கரீத் இருந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு தெரியாத ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். நேற்று முழுக்க இங்கேதான் இருந்தார். அனுஜா அவர் பக்கம் திரும்பினாள்.

"மதாம், நீங்கள் நேற்று இஞ்சை இருந்தனீங்கள்தானே? இந்தக் கொம்பியூட்டரிலை ஆர் இருந்தது?"

மர்கரீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒர்தினாத்தேர் எல்லாம் புரியாதும்மா. நான் என் வேலையைப் பாத்துகிட்டு இருந்தேன்."

"கொம்பியூட்டர் விளங்கவேண்டாம். கதிரையிலை ஆர் இருந்தது எண்டுதான் கேட்டனான்."

"என்னை ஏம்மா இழுக்கிற?" என்றார் மர்கரீத், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. அந்த மேசையை அவருக்கு விட்டுக் கொடுத்திருப்பவர் றொபின்சன். அதற்குமேல் அந்த வாயில் இருந்து ஒன்றும் வராது என்று அனுஜாவுக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது என்ன என்று ஊகிப்பது பெரிய வேலை இல்லை; 'பிரின்ஸ்டன், உடனே அனுப்பு' என்று றொபின்சன் கிறுக்கிய துண்டு விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அலெக்சிஸின் இரண்டாவது மகளைக் கட்டியவன் பிரின்ஸ்டன், ரொறன்ரோவில் இருக்கிறான். மலரில் மருமக்கள் வரிசையில் அவனுடைய பெயர் விடுபட்டுப் போய்விட்டது. நம்முடைய ஆட்களிடம் செத்தவரின் வயதைப் பிழையாகப் போட்டாலும் மன்னிப்பார்கள்; மருமகனின் பெயரை விட்டால் மூன்று தலைமுறைக்குக் கதைக்கமாட்டார்கள். பிரின்ஸ்டன் நேற்று விடியவே எழும்பி, பாரிஸுக்கு எடுத்துக் கத்தியிருக்கிறான். திருத்திய பக்கத்தை இப்போதே தன்னுடைய போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான். றொபின்சனுக்குக் கை கால் உதறியிருக்கும். பத்து நிமிடம் காத்திருக்க ஏது பொறுமை? இணையத்தைக் கொடு, கோப்புறையைத் திற, அனுப்பு. அதோடு நிற்காமல், யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் இருந்து யாரோ கொண்டுவந்த யூஎஸ்பியையும் செருகிப் படங்களை எடுத்திருக்கிறார். கிருமி அதற்குள்தான் இருந்தது.

"பிரின்ஸ்டனுக்குப் பக்கம் அனுப்பினது ஆர் அண்ணை? அதையாவது சொல்லுங்கோ."

றொபின்சனின் முகம் கறுத்தது. "இஞ்சை பார். என்னை விசாரிக்கிற வேலை வைச்சுக்கொள்ளாதை. அந்த மனிசி இப்ப வந்திடும். வந்தால் நீதான் சொல்லவேணும், என்ரை பிழையாலை போட்டுது எண்டு. சொல்லாட்டி நாளையிலை இருந்து வராதை. பெரிய குற்றம் எண்டு எழுதி நிப்பாட்டுவன்."

"எனக்கு அத்தெஸ்தாசியோன் தரவேணும் எண்டு ரெண்டு கிழமையாக் கேக்கிறன்."

"அத்தெஸ்தாசியோனோ?" அவர் சிரித்தார். "உனக்கோ?"

இதுதான் அவருடைய பிடி. அனுஜாவின் வதிவிட அட்டை அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால், இவள் இன்னும் என்னிடம் வேலை செய்கிறாள் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட அத்தாட்சிக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அதை அனுப்பாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவோம் என்று நேற்று பிரிபெக்சரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சொல்லியிருந்தாள். அட்டை போனால் வேலை போகும், வேலை போனால் மார்க்ஸ் டோர்மோயில் மூன்று பெண்களோடு பகிர்ந்திருக்கும் அறை போகும், பிறகு ஏறி இறங்குவதற்கு விமானம்தான் மிச்சம். றொபின்சனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டு கிழமையாக நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். குரல்வளையில் கை வைத்திருக்கிற ஆள், தேவையில்லாமல் ஏன் கையை எடுக்கப்போகிறார்?

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அனுஜாவின் முதுகுப் பைக்குள், மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, உள்ளங்கை அளவில் ஒரு டிஸ்க் இருந்தது.

விருந்தாளியைப் பழைய நிலைக்குத் திருப்ப அவளிடம் பிரதி உண்டு. ஆனால் அது பெட்டிக்கு உள்ளே நடந்ததைத்தான் திருப்பும். பெட்டிக்கு வெளியே பூட்டுப்பட்டுக் கிடக்கும் கோப்புகளை அது ஒன்றும் செய்யாது. இது அனுஜாவுக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். ஆகவே ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வேலை முடிகிற நேரத்தில், முழுப் பிரிவையும் விருந்தாளியையும் அந்த டிஸ்கில் பிரதி எடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, தன்னோடு கொண்டுபோவாள். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று றொபின்சனுக்கு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். "கடைச் சாமான் கடைக்குள்ளை. வெளியிலை கொண்டுபோனால் களவு" என்று அவர் முடித்துவிட்டார். ஆட்களின் படங்களையும் முகவரிகளையும் கொண்டுபோய் இவள் சொந்தமாக அச்சகம் போட்டுவிடுவாள் என்று அவருக்குப் பயம். அப்படியும் கொண்டுபோனாள். டிஸ்கை எடுத்து மேசையில் வைத்தால் மலர் தப்பும். ஆனால் களவு என்று சொல்ல றொபின்சனுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

அவள் பையைக் கழற்றி, கதிரைக்குக் கீழே, இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

பத்தரைக்கு ஞானமலர் வந்தார். அலெக்சிஸின் மனைவி, ஐம்பத்தெட்டு வயது, மன்னாரில் பிறந்தவர், லா கூர்னெவில் இருக்கிறார். வெள்ளைச் சேலைக்குமேல் கறுப்புக் கோட். கையில் பெயர்ப் பட்டியல். ரயிலில் வரும்போது இன்னும் இரண்டு பெயர் ஞாபகம் வந்து ஓரத்தில் எழுதியிருந்தார்.

"தம்பி, மலர் முடிஞ்சுதோ?"

றொபின்சன் அனுஜாவைப் பார்த்தார். அனுஜா திரையைப் பார்த்தாள்.

"அக்கா, இருங்கோ முதல்லை," என்றார் றொபின்சன். "ஒரு சின்னப் பிரச்சினை. இந்தப் பிள்ளை கொம்பியூட்டரிலை ஏதோ செய்து, உள்ளுக்கை கிருமி வந்திட்டுது. மலர் இப்ப திறக்குதில்லை."

"நான் ஒண்டும் செய்யேல்லை அன்ரி."

"பொத்து வாயை!"

ஞானமலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திறக்குதில்லை எண்டால்? சனிக்கிழமை பூசை. லண்டனிலை இருந்து, ஜேர்மனியிலை இருந்து எல்லாம் ஆக்கள் வருகினம். மலர் இல்லாமல் நான் என்னத்தைக் குடுத்து அனுப்புறது?"

"பாக்கிறன் அக்கா, பாக்கிறன்."

"நேற்று நான் சொல்லச் சொல்ல நீர் எழுதினீரே தம்பி. அவருக்கு நான் சொல்லுற அந்தக் கடைசிப் பக்கம்?"

றொபின்சன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அந்த மனுசிக்கு விளங்கியது. கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். சத்தம் போட்டு அழவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த நேரமே டிஸ்கை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அனுஜாவின் கை பைக்குள் போயும் விட்டது. சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி, டிஸ்கின் குளிர்ந்த ஓரத்தை விரல் தொட்டது. அப்போது றொபின்சன் சொன்னார், "அழாதேங்கோ அக்கா. இவளை வைச்சிருந்தது என்ரை பிழை. இண்டைக்கே இவளுக்கு ஒரு முடிவு கட்டுறன்." கை வெறுமையாகத் திரும்பி வந்தது. நீ முடிவு கட்டு, பார்ப்போம், என்று மனதுக்குள் சொன்னாள்.

பதினொரு மணிக்கு றொபின்சன் தெரிந்த கொம்பியூட்டர்க்காரர் ஒருவருக்குப் போன் எடுத்தார். இதைத் திறக்க ஏலாது என்றார் அவர். பதினொன்றரைக்கு இன்னொருவர், அவரும் அதையே சொன்னார். பன்னிரண்டு மணிக்குப் பிரின்ஸ்டன் ரொறன்ரோவில் இருந்து எடுத்தான். றொபின்சன் போனைக் காதில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்றார். மர்கரீத் ஞானமலருக்குத் தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தார். ஞானமலர் குடிக்கவில்லை. அந்தத் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை, இரண்டரை மணி நேரமாக, அனுஜா பார்த்துக்கொண்டு இருந்தாள். றொபின்சன் நன்றாகக் கனியட்டும் என்று காத்திருந்தாள். இதைப் பூசி மெழுகுவதில் பிரயோசனம் இல்லை. கணக்குப் போட்டுத்தான் காத்திருந்தாள்.

ஒரு மணிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். "அண்ணை, உள்ளுக்கை வாங்கோ. கதைக்கவேணும்."

உள்ளே என்றால், கார்ட் மாதிரிகள் அடுக்கிய இறாக்கைக்குப் பின்னால், தாள் வெட்டும் மெசின் நிற்கிற இடம். கதவு கிடையாது.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் எல்லா வேலையும் என்னட்டை இருக்கு," என்றாள். "மலரும் இருக்கு. டிஸ்கிலை."

றொபின்சனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகத்தில் சந்தோசம் வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

"எங்கை?"

"என்ரை பையுக்கை."

"வெளியிலை கொண்டுபோகாதை எண்டு நான் சொன்னனானோ இல்லையோ? கள்ளி! குடு இஞ்சை!" பையின் வாரைப் பிடித்து இழுத்தார். அனுஜா விடவில்லை. அவர் பலமான மனிதர். இரண்டாம் இழுவையில் பை அவர் கையில் இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு டிஸ்கை எடுத்தார்.

"வைச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் அனுஜா. "பூட்டியிருக்கு. கடவுச்சொல் என்ரை தலைக்கை இருக்கு. அதையும் இழுத்து எடுக்கப் பாருங்கோ."

றொபின்சன் டிஸ்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"என்னடி வேணும் உனக்கு?"

"அடி எண்டு கதையாதேங்கோ. அத்தெஸ்தாசியோன். இப்ப, கையெழுத்தும் முத்திரையும் போட்டு. பிறகு, டிஸ்க்கை வீட்டை கொண்டுபோக எனக்கு அனுமதி தந்தனீங்கள் எண்டு இன்னொரு கடுதாசி. போன மாதத் திகதி போட்டு."

"அந்த மனிசி வெளியிலை அழுதுகொண்டு இருக்கு."

"அப்ப கெதியா எழுதுங்கோ."

"உனக்கும் அந்த வைரஸ்காரனுக்கும் என்ன வித்தியாசம்? அவனும் பூட்டி வைச்சுக்கொண்டுதான் பேரம் பேசுறான்."

"அவனுக்கு அத்தெஸ்தாசியோன் தேவையில்லை," என்றாள்.

அவர் அடிப்பார் என்றுதான் நினைத்தாள். அடிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, கடையின் பெயர் போட்ட தாளை எடுத்து, நின்றபடியே எழுதினார். பிரெஞ்சுப் பிழைகளை அனுஜா சுட்டிக் காட்டித் திருத்துவித்தாள், ஒன்றைக்கூட விடவில்லை. முத்திரையை இரண்டு தரம் குத்தினார், இரண்டாம் தரம் மேசையே அதிர்ந்தது. தாள் இரண்டையும் அவள் மடிக்காமல் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, டிஸ்கையும் அவரிடம் இருந்து வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நாலு வருடத்தில் முதல்முறையாக அந்த மனிதரை முழங்காலில் நிறுத்திவிட்டாள். உள்ளே ஒரு கொழுத்த சந்தோசம் எழும்பியது. இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பிறகு வேலையை ஒழுங்காகச் செய்தாள். பாதிக்கப்பட்ட கணினியின் வலைக் கம்பியைக் கழற்றி, அணைத்து ஓரமாக வைத்தாள். டிஸ்கை அதில் செருகவில்லை. அப்படிச் செருகினால் இருக்கிற ஒன்றும் போய்விடும். கார்ட் வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் இருந்த மடிக்கணினியில், டிஸ்கில் இருந்த விருந்தாளியின் பிரதியை எழுப்பினாள். இணையம் துண்டிப்பு, கோப்புறை மூடல், எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்தாள். அரை மணி நேரத்தில் பழைய விண்டோஸின் நீலம் வந்தது. மலர் திறந்தது. அலெக்சிஸ், கோட் சூட் போட்டு, முதல் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

"அன்ரி, வந்து பாருங்கோ. எல்லாம் இருக்கு."

ஞானமலர் எழும்பி வந்தார். படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பக்கம் பக்கமாக அனுஜா காட்டக் காட்டப் பார்த்தார். பிரின்ஸ்டனின் பெயரை அனுஜா அந்த இடத்திலேயே சேர்த்தாள். கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"நேற்று நான் சொன்னது இதிலைதானே வரும்?"

"அது புதன்கிழமை எழுதினது அன்ரி. இதிலை செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் இருக்கு. அது போட்டுது. நீங்கள் இன்னொருக்காச் சொல்லுங்கோ, நான் இப்பவே அடிச்சுத் தாறன்."

ஞானமலர் திரையை விட்டுக் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அழுதழுது வீங்கின கண், ஆனால் இப்போது அதில் கண்ணீர் இல்லை.

"பிள்ளை, உந்த டிஸ்க் காலமையிலை இருந்து உம்மடை பையுக்கையோ இருந்தது?"

கதவில்லாத அறையில் பேசியது முழுக்க இந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. அது அனுஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஓம், அன்ரி."

"நான் அழேக்கையும்?"

"ஓம்." ஓரமாக வைத்திருந்த கணினியைக் காட்டினாள். "ஆனால் அழிச்சது நான் இல்லை அன்ரி. நேற்று நான் இஞ்சை இருக்கேல்லை. அவர்தான் எல்லாத்தையும் திறந்துவிட்டவர். எழுத்திலை இருக்கு, நேரம் போட்டு, காட்டுறன்."

"காட்டவேண்டாம். தெரியும். நேற்று நான் அவருக்குப் பக்கத்திலைதான் இருந்தனான், அவர் செருகினதையும் கண்டனான்." ஞானமலரின் குரல் உயரவில்லை. "அவர் தெரியாமல் அழிச்சவர். நீர் தெரிஞ்சு வைச்சிருந்தனீர்."

"எனக்கு நாளையோடை காலம் முடியுது அன்ரி. அவர் கையெழுத்துப் போடாட்டி என்னை அனுப்பிப்போடுவாங்கள். எனக்கு வேறை வழி இருக்கேல்லை."

"இருக்கும் பிள்ளை. நான் இல்லை எண்டு சொல்லேல்லை." ஞானமலர் றொபின்சன் பக்கம் திரும்பினார். "தம்பி, வாரும். வந்து இரும். நீர் எழுதும்."

"அக்கா, அவள் கெதியா அடிப்பாள். நான் ரெண்டு விரலாலை..."

"நாலு கிழமையா வாய் திறக்காத நான் நேற்றுத்தான் என்ரை மனிசனுக்கு ரெண்டு சொல்லுச் சொன்னனான். நீர் மூக்கைச் சிந்திச் சிந்தி எழுதினீர். உமக்குத்தான் சொல்லுவன். இந்தப் பிள்ளைக்குச் சொல்லமாட்டன்."

அனுஜா எழும்பிக் கதிரையை விட்டாள். றொபின்சனின் முகத்தில் வெற்றி தெரிந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். தெரியவில்லை. அவர் அவளைப் பார்க்காமல், வெட்கப்பட்ட மனிதர் போலக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். பெரிய விரல்கள் விசைப்பலகையின் மேல் எழுத்தைத் தேடின. மர்கரீத் பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நீர் அங்காலை போம் பிள்ளை," என்றார் ஞானமலர். "இது எனக்கும் என்ரை மனிசனுக்கும்."

அனுஜா பிளாஸ்ரிக் உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேலே பாலத்தில் மெட்ரோ ஒன்று லா சப்பல் பக்கம் போனது. நடைபாதையில் நின்று தாளைப் போனில் படம் எடுத்தாள். வெளிச்சம் பட்டு முத்திரை சரியாக விழவில்லை. இரண்டாம் தரம் எடுத்தாள். வெட்கமாக இருந்தது, அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ஆனால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் என்றோ, திரும்ப உள்ளே போய் அந்த மனுசியின் காலில் விழலாம் என்றோ ஒரு கணமும் தோன்றவில்லை. நாளைக்கு இதே மாதிரி வந்தால் நாளைக்கும் இதைத்தான் செய்வாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் கூடுதலாக நொந்தது.

பிரிபெக்சரின் இணையப் பக்கத்தைத் திறந்து படத்தைச் சேர்த்து அனுப்பினாள். உங்கள் ஆவணம் கிடைத்தது என்று வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஞானமலரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை அனுஜா வெளியிலேயே நின்றாள்.